பார்சலுக்கும் டிப்ஸா?

அமெரிக்காவில் செயலி வழியாகவோ தொலைபேசியிலோ ஆர்டர் கொடுத்துவிட்டு, பார்சலை எடுத்துவரக் கடைக்குப் போகிறவர் பக்கம் இன்று பெரும்பாலும் ஒரு டேப்லெட் திரை திருப்பி வைக்கப்படுகிறது. 18, 20, 25 என்று மூன்று சதவீதங்கள் பெரிய கட்டங்களில் தெரியும். ‘வேறு தொகை’, ‘டிப்ஸ் வேண்டாம்’ என்பவை அவற்றுக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒதுங்கியிருக்கும். யாரும் மேசை துடைக்கவில்லை, தண்ணீர் வைக்கவில்லை, சாப்பிட்ட தட்டை எடுக்கப்போவதுமில்லை. பிறகு இந்தப் பணம் எதற்கு? படிப்புக்கும் வேலைக்கும் அங்கே போயிருக்கும் தமிழர்களுக்குக் குழப்பம் இன்னும் கூடுதல். நம் ஊர் உணவகத்தில் பார்சலுக்கு டப்பா காசு கேட்பதுண்டு, டிப்ஸ் கேட்பதில்லை. கொடுப்பது பெருந்தன்மை, கொடுக்காதது கஞ்சத்தனம் என்ற அளவிலேயே இந்த விவாதம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. உண்மையில் இது கூலி பற்றிய கேள்வி. ஒரு தொழிலாளியின் ஊதியத்தில் எவ்வளவை முதலாளி தர வேண்டும், எவ்வளவை வாடிக்கையாளர் தலையில் கட்டலாம் என்று அமெரிக்கச் சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் தெளிவாகும். பார்சலுக்குச் சதவீதக் கணக்கில் டிப்ஸ் கொடுப்பது யாருக்கும் கடமையல்ல. அது பொதுவழக்கமாகிவிட்டால் கவுண்ட்டரில் நிற்கும் தொழிலாளிக்கே அது கேடாக முடியலாம்.

வழக்கம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்க்கலாம். நடத்தை நாகரிகத்துக்கு அமெரிக்கர்கள் மேற்கோள் காட்டும் எமிலி போஸ்ட் நிறுவனத்தின் வழிகாட்டி, மேசையில் பரிமாறினால் 15 முதல் 20 சதவீதம் கொடுக்கச் சொல்கிறது. பார்சலுக்குக் கட்டாயம் எதுவுமில்லை. காருக்கே கொண்டுவந்து கொடுத்தாலோ, ஆர்டர் பெரிதாகவும் சிக்கலாகவும் இருந்தாலோ 10 சதவீதம் தரலாம் என்கிறது. வரிச் சட்டமும் இதே கோட்டைத்தான் போடுகிறது. டிப்ஸ் வருமானம் கணக்கில் வராமல் நழுவுவதைத் தடுக்க 1982இல் ஓர் ஏற்பாடு வந்தது. டிப்ஸ் வாடிக்கையாக உள்ள பெரிய உணவகங்களில், ஊழியர்கள் காட்டிய டிப்ஸ் மொத்த விற்பனையில் 8 சதவீதத்துக்குக் குறைந்தால், குறையும் தொகையை ஊழியர்கள் பெயரில் பகிர்ந்து வருமான வரித் துறைக்கு நிறுவனம் தெரிவிக்க வேண்டும். ஆனால் அந்த மொத்த விற்பனையைக் கணக்கிடும்போது பார்சல் விற்பனையைக் கழித்துவிடும்படி அதே சட்டம் சொல்கிறது. டிப்ஸில் ஒரு டாலரையும் தப்பவிட விரும்பாத வரித் துறையே பார்சலில் டிப்ஸை எதிர்பார்க்கவில்லை. மக்களின் நடத்தையும் இதற்கு ஒத்தே இருக்கிறது. 2023இல் பியூ ஆய்வு மையம் ஏறத்தாழ 12,000 பேரிடம் நடத்திய கருத்தாய்வில், உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் எப்போதும் அல்லது அடிக்கடி டிப்ஸ் தருவதாகச் சொன்னவர்கள் 92 சதவீதம். பரிமாறுபவர் இல்லாத கவுண்ட்டர் உணவகங்களில் அப்படிச் சொன்னவர்கள் வெறும் 12 சதவீதம். அதே ஆய்வில் 72 சதவீதத்தினர், ஐந்தாண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட அதிக இடங்களில் டிப்ஸ் எதிர்பார்க்கப்படுகிறது என்றார்கள். கேட்பது பரவிய அளவுக்குக் கொடுப்பது பரவவில்லை.

கேட்பது ஏன் இவ்வளவு பரவியது என்று புரிய, டிப்ஸ் அமெரிக்காவில் கூலியின் இடத்தைப் பிடித்த கதைக்குப் போக வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்த இந்தப் பழக்கம் உள்நாட்டுப் போருக்குப் பிறகுதான் அங்கே வேர்விட்டது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களை வேலைக்கு வைத்த உணவகங்களும் ரயில் நிறுவனங்களும் சொற்பக் கூலி கொடுத்து, மிச்சத்தை வாடிக்கையாளரிடம் வாங்கிக்கொள்ள விட்டன. புல்மன் நிறுவனத்தின் படுக்கைப் பெட்டிப் பணியாளர்கள் இதற்கு நன்கறியப்பட்ட உதாரணம். ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் 1925இல் சங்கம் கட்டிய அவர்களுக்கு நிறுவனத்தோடு முதல் ஒப்பந்தம் போட 1937 வரை ஆயிற்று. எதிர்ப்பும் இருந்தது. 1909இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸுக்குத் தடை விதித்தது. வேறு சில மாநிலங்களும் அதைப் பின்பற்றின. 1926 வாக்கில் அந்தத் தடைகள் எல்லாமே நீங்கிவிட்டன. நாடு முழுவதற்குமான குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1938இல் வந்தபோது உணவக ஊழியர்கள் அதற்கு வெளியே விடப்பட்டார்கள். 1966 திருத்தம் அவர்களை உள்ளே கொண்டுவந்தது. கூடவே முதலாளிகளுக்கு ஒரு சலுகையையும் தந்தது. குறைந்தபட்ச ஊதியத்தில் பாதி வரை, ஊழியர் பெறும் டிப்ஸைக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். 1991இல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 4.25 டாலரானபோது, டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய ரொக்கம் அதில் பாதியாக, 2.13 டாலராக இருந்தது. 1996இல் ஊதியத்தை உயர்த்திய சட்டம் அந்த 2.13ஐ மட்டும் அப்படியே உறையவைத்தது. பொது ஊதியம் 2009இல் 7.25 டாலரை எட்டியது. 2.13 இன்றும் 2.13தான்.

இந்த டிப்ஸ் கழிவுதான் விஷயத்தின் மையம். டெக்சாஸ், ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் ஒரு சர்வருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். மீதி 5.12 டாலரை டிப்ஸ் நிரப்ப வேண்டும். நிரம்பாத வாரத்தில் குறையை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்பது சட்டம். ஆகவே, வாரச் சராசரியில் மணிக்கு 5.12 டாலர் வரை வாடிக்கையாளர் வைக்கும் டிப்ஸ் முதலாளியின் சுமையைத்தான் குறைக்கிறது. அந்த அளவைத் தாண்டிய பிறகே அது தொழிலாளிக்குக் கூடுதல் வருமானம். கூட்டம் அலைமோதும் உணவகத்தில் சர்வர்கள் இந்த அளவை எளிதில் தாண்டிவிடுவார்கள் என்பதும் உண்மை. அந்த அளவை எட்டாத கடைகளில் சட்டம் எப்படி நடக்கிறது என்பது வேறு கதை. 2010 முதல் 2012 வரை தொழிலாளர் துறை விசாரித்த சுமார் 9,000 உணவகங்களில் 84 சதவீதம் ஏதோ ஒரு வகையில் ஊதியச் சட்டத்தை மீறியிருந்தன. விசாரணைக்கு எடுக்கப்பட்ட கடைகள் என்பதால் இந்த விகிதத்தை எல்லா உணவகங்களுக்கும் பொருத்த முடியாது. ஆனாலும் ‘குறைந்தால் முதலாளி தந்துவிடுவார்’ என்ற உறுதியை முழுதாக நம்பவும் முடியாது. இன்னொரு பக்கம் கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஒரேகான், நெவாடா, மொன்டானா, மினசோட்டா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் இந்தக் கழிவே கிடையாது. அங்கே டிப்ஸ் வந்தாலும் வராவிட்டாலும் மாநிலத்தின் முழுக் குறைந்தபட்ச ஊதியத்தையும் முதலாளியே தர வேண்டும். கலிஃபோர்னியாவில் பெரிய துரித உணவுத் தொடர்களின் ஊழியருக்கு 2024 ஏப்ரல் முதல் மணிக்கு 20 டாலர். ஹூஸ்டன் திரையும் லாஸ் ஏஞ்சலிஸ் திரையும் ஒரே கேள்வியை ஒரே எழுத்தில் கேட்டாலும், அந்தக் கேள்விகளின் பொருள் வேறு வேறு.

இனி, பார்சல் வேலையை யார் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ரசீதை வரிவரியாகச் சரிபார்ப்பது, குழம்பு டப்பாவின் மூடியை அழுத்திப் பார்ப்பது, சூடானதையும் குளிர்ந்ததையும் தனித்தனிப் பையில் போடுவது, சட்னி, ஊறுகாய், கரண்டி, காகிதக் கைக்குட்டை வைப்பது, பையின் வாயை மடித்து ரசீதை ஸ்டேப்ளர் அடிப்பது என்று இதிலும் வேலை இருக்கிறது. கவனம் பிசகினால் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். கவுண்ட்டர் மட்டுமே உள்ள கடையில் இதைச் செய்பவருக்குப் பெரும்பாலும் முழுக் குறைந்தபட்ச ஊதியமாவது உண்டு. மேசையில் பரிமாறும் உணவகத்தில் இதைச் செய்பவர் 2.13 டாலர் வாங்கும் சர்வராகவோ மதுக்கூடப் பணியாளராகவோ இருக்கலாம். அவர் பார்சல் கட்டும் நேரம் மேசையில் டிப்ஸ் சம்பாதிக்க முடியாத நேரம். டிப்ஸ் வராத துணை வேலைக்கு வாரத்தில் 20 சதவீத நேரத்துக்கு மேலோ, தொடர்ந்து 30 நிமிடத்துக்கு மேலோ செலவானால் 2.13 கணக்கு செல்லாது என்று 2021இல் தொழிலாளர் துறை வகுத்த விதியை, 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆனால் பார்சலின் பெரும்பகுதி உழைப்பு சமையலறையினுடையது. 2018இல் வந்த திருத்தத்தின்படி, முதலாளி எல்லோருக்கும் முழுக் குறைந்தபட்ச ஊதியம் தருகிற இடத்தில் மட்டுமே சமையற்காரரையும் டிப்ஸ் பகிர்வில் சேர்க்கும்படி விதிக்கலாம். 2.13 டாலர் சலுகையைப் பயன்படுத்தும் உணவகத்தில் அப்படிச் சேர்க்க முடியாது. அடுப்படியில் நின்றவருக்குப் போய்ச் சேரும் என்று நினைத்துத் திரையைத் தொடுகிறவரின் பணம் பல மாநிலங்களில் அவரிடம் போகாமலே நின்றுவிடுகிறது.

வேலை இருக்கிறதென்றால் அதற்கு விலையும் உண்டு. ஆனால் அந்த விலைக்குச் சதவீதம் பொருத்தமான அளவுகோலா? 40 டாலர் பார்சலுக்கு 20 சதவீதம் 8 டாலர். அதைக் கட்டி முடிக்க 5 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 96 டாலர் வீதம் ஆகிறது. ஒரே ஒரு விலையுயர்ந்த இறைச்சித் துண்டைப் பெட்டியில் வைப்பதும், பத்து விதமான சிறு பண்டங்களைப் பிரித்துக் கட்டுவதும் ஒரே தொகை ஆகலாம், உழைப்பு ஒன்றல்ல. மேசையில் சதவீதத்துக்கு ஓரளவு நியாயம் இருந்தது. பில் ஏற ஏற, சர்வர் அந்த மேசைக்கு வந்துபோகும் தடவைகளும் வாடிக்கையாளர் உட்காரும் நேரமும் பொதுவாகக் கூடும். பார்சலில் அந்தத் தொடர்பு அறுந்துபோகிறது. மேசையிலும்கூட டிப்ஸ் சேவையின் தரத்தை அளப்பதாக நினைப்பது மிகை. ஆய்வாளர்களான மைக்கேல் லின், மைக்கேல் மெக்கால் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2000இல் காட்டிய முடிவின்படி, டிப்ஸ் அளவில் காணும் வேறுபாட்டில் சேவையின் தரத்துக்கு உள்ள பங்கு 2 சதவீதத்துக்கும் குறைவு. லின் உள்ளிட்டோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையரும் கறுப்பினத்தவருமாக இரு தரப்பு வாடிக்கையாளர்களும் கறுப்பின சர்வர்களுக்குக் குறைவாகவே டிப்ஸ் வைத்தது தெரிந்தது. உழைப்பையும் அளக்காமல் தரத்தையும் அளக்காமல் பாகுபாட்டுக்கு மட்டும் இடம்தரும் ஒரு முறையை, அது இதுவரை இல்லாத கவுண்ட்டருக்கும் நீட்டிப்பதற்கு நல்ல காரணம் வேண்டும்.

திரை அந்தக் காரணத்தைத் தருவதில்லை. பழக்கத்தை மட்டும் உண்டாக்குகிறது. நியூயார்க் டாக்சிகளில் அட்டைக் கட்டணத் திரை வந்தபோது, காரீம் ஹக்காக், ஜோவான்னி பாச்சி என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் கோடிக்கும் மேற்பட்ட பயணங்களின் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். திரை காட்டும் சதவீதத்தை உயர்த்தினால் மக்கள் தரும் டிப்ஸும் உயர்ந்தது. கூடவே, ஒன்றுமே தராமல் போகிறவர்களின் எண்ணிக்கையும் உயர்ந்தது. ஓட்டுநர் அதே ஓட்டுநர், தூரமும் அதே தூரம். மாறியது பொத்தானில் இருந்த எண் மட்டும். பார்சல் கவுண்ட்டரிலோ, உணவு கைக்கு வரும் முன்பே, சேவை எப்படி என்று தெரியும் முன்பே அந்த எண் நீட்டப்படுகிறது. ஸ்குயர், டோஸ்ட், க்ளோவர் போன்ற பில் இயந்திர நிறுவனங்களின் மென்பொருளில் இந்தத் திரையைச் சேர்ப்பது ஒரு சிறு அமைப்பு மாற்றம். அட்டைப் பரிவர்த்தனைக் கட்டணமும் பொதுவாக டிப்ஸ் உட்பட மொத்தத் தொகையின்மேலேயே விழுகிறது. கேட்பதற்கு முதலாளிக்குச் செலவில்லை. சங்கடம் வாடிக்கையாளருக்கு; அதை நேருக்கு நேர் தாங்க வேண்டிய வேலையோ மிகக் குறைந்த கூலி வாங்குகிற ஊழியருக்குப் போய்ச்சேர்கிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து சட்டத்தின் ஒரு மூலையில் இருக்கிறது. யாரை ‘டிப்ஸ் பெறும் ஊழியர்’ என்று வகைப்படுத்தி 2.13 டாலர் கணக்கில் சேர்க்கலாம்? வாடிக்கையாகவும் ஒழுங்காகவும் மாதத்துக்கு 30 டாலருக்கு மேல் டிப்ஸ் வரும் வேலையில் இருப்பவரை. இந்த 30 டாலர் 1977 திருத்தத்தில் வந்த எண். விலைவாசி எவ்வளவோ ஏறியும் இது ஏறவில்லை. வாடிக்கையாளருக்கு உணவு எடுத்துத்தரும் கவுண்ட்டர் ஊழியர்களைத் தொழிலாளர் துறையின் கள வழிகாட்டி நெடுங்காலமாகவே டிப்ஸ் பெறும் தொழில்களில் ஒன்றாகக் குறிப்பிட்டுவருகிறது. மாதம் 30 டாலர் என்பது வேலைநாள் ஒன்றுக்கு ஒன்றரை டாலர்கூட இல்லை. பார்சல் டிப்ஸ் உறுதியான வழக்கமானால், இன்று முழு ஊதியம் வாங்கும் கவுண்ட்டர் ஊழியரை நாளை டிப்ஸ் ஊழியர் என்று மாற்றிவிட, கழிவை அனுமதிக்கும் மாநிலங்களில் முதலாளிக்குச் சட்டப்படியே வாசல் திறக்கிறது. எல்லா முதலாளிகளும் அதைச் செய்வார்கள் என்று சொல்லவில்லை. போட்டியில் ஒருவர் செய்து கூலிச் செலவைக் குறைத்தால், பக்கத்துக் கடைக்காரர் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பார் என்பதே கேள்வி. இரக்கத்தால் தொடங்கிய பழக்கம் கூலியாக உறைந்த கதையை உணவகத் தொழில் ஒருமுறை பார்த்துவிட்டது.

எதிர்வாதங்களில் வலுவானது இதுதான்: ‘கோட்பாடெல்லாம் சரி, ஆனால் இன்று கவுண்ட்டரில் நிற்பவருக்கு வாடகை கட்ட வேண்டும்; நீங்கள் தராத 3 டாலர் சட்டத்தை மாற்றப்போவதில்லை, அவர் பையில் மட்டும் குறையும்.’ இதை ஒதுக்கித் தள்ள முடியாது. டிப்ஸ் கழிவு உள்ள மாநிலத்தில், மேசையிலிருந்து விலகி வந்து பார்சல் கட்டித்தரும் சர்வரைப் பொறுத்தவரை இது முற்றிலும் நியாயம். அங்கே அவர் இழக்கும் நேரத்துக்கு ஏதாவது கொடுப்பதே முறை. ஆனால் ஏழ்மையை மட்டும் அளவாகக் கொண்டால், பல்பொருள் அங்காடியில் பில் போடுபவருக்கும் கிடங்கில் பெட்டி தூக்குபவருக்கும் அதே நியாயம் உண்டு. அவர்களுக்கு நாம் டிப்ஸ் தருவதில்லை. அவர்கள் கூலி கூட வேண்டும் என்கிறோம். கவுண்ட்டர் ஊழியருக்கு மட்டும் ஏன் வேறு மருந்து? கொரோனா கால ஈகையை இரண்டாவது வாதமாகச் சொல்வார்கள். 2020 ஏப்ரல் ஒரே மாதத்தில் அமெரிக்க உணவக, மதுக்கூடத் தொழிலில் 55 லட்சம் வேலைகள் மறைந்தன. மேசைகள் மூடிய அந்த நாட்களில் பார்சலுக்கு மக்கள் அள்ளிக் கொடுத்தது பேரிடர் உதவி, அது சரியே. பேரிடர் உதவியை நிரந்தரக் கட்டணமாக்கும் உரிமை அதிலிருந்து யாருக்கும் பிறப்பதில்லை.

மூன்றாவது வாதம் நடைமுறை சார்ந்தது: டிப்ஸை ஒழிக்க முயன்றவர்கள் தோற்றார்கள், சர்வர்களே அதை விரும்பவில்லை. இதற்கு ஆதாரம் உண்டு. நியூயார்க்கின் டேனி மேயர் 2015இல் தம் உணவகங்களில் டிப்ஸை நீக்கி விலையில் சேர்த்தார். 2020இல் அதைக் கைவிட்டார். 2024 நவம்பரில் மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் டிப்ஸ் கழிவை ஒழிக்கும் முன்மொழிவை நிராகரித்தார்கள். தலைநகர் வாஷிங்டனில் 2022இல் மக்கள் வாக்கில் வென்ற அதே மாற்றத்தை 2025இல் மாநகர மன்றம் பாதி வழியில் மட்டுப்படுத்தியது. இவையெல்லாம் மேசையில் பரிமாறுவதைப் பற்றியவை. அங்கே நல்ல டிப்ஸ் பெறும் சர்வர்களுக்கு இழக்க நிறைய இருக்கிறது. பார்சல் கவுண்ட்டரில் அப்படி ஊறிய வழக்கம் எதுவும் இன்னும் இல்லை. ஒழிக்க வேண்டியதில்லை, பரவாமல் விட்டாலே போதும். கழிவே இல்லாத ஏழு மாநிலங்களிலும் உணவகங்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. 2025இல் வந்த வரிச் சலுகை இந்தப் பரவலுக்கு இன்னொரு தூண்டுதல். டிப்ஸ் வாடிக்கையான தொழில்களில் ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸை, 2025 முதல் 2028 வரை, கூட்டரசு வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஒரே வருமானமுள்ள இருவரில் டிப்ஸாக வாங்குபவருக்கு வரி குறைவு, கூலியாக வாங்குபவருக்கு வரி கூடுதல் என்றால், கூலியை டிப்ஸாக மாற்றிக்காட்டும் ஆசை முதலாளிக்கும் ஊழியருக்கும் சேர்ந்தே வரும்.

ஆகவே நடைமுறையில் செய்யத்தக்கது இது. டிப்ஸ் கழிவு உள்ள மாநிலத்தில், மேசையில் பரிமாறும் உணவகத்திலிருந்து பார்சல் எடுத்தால், சதவீதத்தைப் பார்க்காமல் வேலையைப் பார்த்து இரண்டு மூன்று டாலர் வைக்கலாம். பத்துப் பேருக்கான சாப்பாடு, காருக்கே வந்து கொடுத்தது, மழையில் வெளியே நின்றது என்றால் எங்கேயானாலும் அதற்கேற்பக் கூட்டித் தருவதே பண்பு. மற்றபடி, கவுண்ட்டரில் வாங்கிக்கொண்டு போகும் இடத்தில், அதிலும் முழு ஊதியம் சட்டமாக உள்ள மாநிலத்தில், ‘டிப்ஸ் வேண்டாம்’ என்ற கட்டத்தைக் கூச்சமின்றித் தொடலாம். ஆனால் அப்படித் தொடுகிறவருக்கு ஒரு பொறுப்பும் உண்டு. தொழிலாளியின் கூலி விலைப்பட்டியலிலேயே இருக்க வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு என்றால், அந்தப் பட்டியலில் விலை கூடும்போது முணுமுணுக்கக்கூடாது, 2.13ஐ உயர்த்தும் முன்மொழிவு வாக்குச்சீட்டில் வரும்போது அதற்கு எதிராக வாக்களிக்கவும் கூடாது. டிப்ஸும் தரமாட்டேன், விலையும் கூடக்கூடாது என்பவரிடம் கொள்கை எதுவும் இல்லை. அவரைக் கஞ்சர் என்று சொல்பவர்களை மறுக்க இந்தக் கட்டுரையில் வாதம் ஏதுமில்லை.